ஓரம் தெரியாதவர்கள்

வாசலில் மாட்டியிருந்த பலகை பொய் சொல்லவில்லை. 'இந்த வளாகத்தில் இதுவரை ஒருவரும் உயரத்திலிருந்து விழவில்லை' என்று தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. முப்பது மாடியில் நான்கு டவர், மூன்று வருடத்து வேலை, ஒரு ஆள்கூட விழவில்லை. சிறுசேரியைத் தாண்டிப் போகிற அந்தச் சாலையில் இப்படி ஒரு பலகையை மாட்டத் தைரியம் உள்ள கம்பெனி வேறு கிடையாது. ஃபிளாட் பார்க்க வரும் குடும்பங்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வாங்கப்போகிற வீட்டுக்காக எவனும் சாகவில்லை என்று தெரிந்தால் ஒரு நிம்மதி. வாஸ்து பார்ப்பதோடு சேர்த்து அதையும் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தப் பலகைக்குச் சொந்தக்காரி என்று ஒருத்தியைச் சொல்ல வேண்டுமென்றால் தமயந்தியைத்தான் சொல்ல வேண்டும். அவள் பாதுகாப்பு அதிகாரி. காலையில் மேலே ஏறுகிறவர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் பட்டையைக் கட்டி, அதன் வில்லை முதுகுத்தண்டின்மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்து அனுப்புவாள். கடைசியில் தனக்கும் ஒன்றைக் கட்டிக்கொண்டு அவளும் சுற்றிப் பார்க்க ஏறுவாள். பட்டை கட்டியவன் ஓரத்துக்கு அருகே போனால் கால் தானாக நின்றுவிடும். எவ்வளவு தள்ளினாலும் அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. கயிறும் வலையும் கொக்கியும் இல்லாமல் ஆளைப் பிடித்து நிறுத்துகிற சாமான் அது.

இங்கே வருவதற்கு முன்னால் அவள் வேலை பார்த்த இடத்தில் அந்தப் பட்டை இல்லை. அங்கே சாரத்திலிருந்து ஒருவர், லிஃப்ட் குழியில் ஒரு பெண் என்று கண்ணெதிரே இரண்டு பேர் விழுந்து போனார்கள். விழுந்த சத்தம் கேட்டபோது சிமெண்ட் மூட்டையைத்தான் யாரோ போட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். அதற்கப்புறம் எங்கே சிமெண்ட் மூட்டை விழுந்தாலும் ஓடிப்போய்ப் பார்ப்பாள். அதனால் இந்தப் பட்டையின்மேல் அவளுக்கு உண்மையிலேயே பக்தி இருந்தது. அதை மூலையில் எறிந்துவிட்டுப் போகிற ஆளைக் கண்டால் திட்டித் தீர்த்துவிடுவாள்.

அந்த பக்திக்கு முதல் அடி ஒரு சாப்பாட்டு நேரத்தில் விழுந்தது. அம்சவல்லி வந்து தகர அறையின் வாசலில் நின்றாள். கீழே கலவை மெஷினுக்கு மணல் தள்ளுகிற சித்தாள் அவள். மேலே போகிறவர்களுக்குத்தான் பட்டை. தரையில் நிற்கிறவர்களுக்குக் கம்பெனி ஏன் செலவு செய்யப் போகிறது? அவள் புருஷன் கோதண்டன் பூச்சுக் கொத்தனார். வெளிச்சுவர் என்றால் மேஸ்திரிகள் அவனைத்தான் தேடுவார்கள்.

"மேடம், ஞாயித்துக்கெழமைல அந்தப் பட்டைய வூட்டுக்குக் குடுத்து வுடுவீங்களா?"

தமயந்தி டிபன் பாக்ஸை மூடினாள். "எதுக்கு அம்சா? லீவு நாள்ல வெளி வேலைக்குப் போறாரா?"

"வேலைக்கு இல்ல மேடம். வூட்ல இருக்கறதுக்கு."

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. அம்சவல்லியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"போன வாரம் ஊருக்குப் போயிருந்தோம். மாமியாரு வூட்டு மாடிக்கு இன்னும் கைப்பிடிச் சுவரு வெக்கல. துணி காயப்போட ஏறனேன். இவரு ஓரத்துல உக்காந்து காலத் தொங்கப் போட்டுனு இருக்காரு. மடில புள்ள. அதுவும் காலத் தொங்கப் போட்டுனு ஆட்டுது."

"அவருக்கு உயரம் பழக்கம்தானே?"

"பழக்கந்தான். பத்து வருசம் சாரத்துல நின்ன ஆளு. ஆனா முன்னெல்லாம் வூட்டு மாடில ஓரத்துக்குப் போனாகூட மொதல்ல கைய ஊணிக்குவாரு. புள்ள அந்தாண்ட போனா நடுங்குவாரு. இப்ப நா கத்தினு ஓடி வரேன், இவரு திரும்பிப் பாத்து 'என்னாடி ஆச்சு'ன்றாரு. விளையாட்டுக்குக் கேக்கல மேடம். நெசமாவே தெரியாம கேக்கறாரு."

தமயந்திக்கு இரண்டு சாவுகள் நினைவுக்கு வந்தன. பொங்கலுக்கு ஊருக்குப் போன கம்பி கட்டுகிற துரைக்கண்ணு, ஓடுகிற ரயிலின் படியிலிருந்து விழுந்து இறந்த செய்தி வந்திருந்தது. அதற்கு முன் ஒரு சென்ட்ரிங் ஆள், தன் ஊர்க் கிணற்றில். இரண்டு பேரும் குடித்திருப்பார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள். கம்பெனி இரண்டு பேருக்கும் மாலை அனுப்பியது.

"இங்க இப்பல்லாம் யாரும் ஓரம் சொல்றதில்ல மேடம்," என்றாள் அம்சவல்லி. "முன்னெல்லாம் நாள் முழுக்க அந்தச் சத்தந்தான் கேக்கும்."

அது என்ன என்று தமயந்திக்குத் தெரியும். பூச்சு வேலை செய்கிறவன் சுவரைப் பார்த்து நிற்பான். கொஞ்சம் பூசியதும், மட்டம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு அடி பின்னால் நகருவான். எல்லாக் கொத்தனாருக்கும் உள்ள பழக்கம். பின்னால் கண் இல்லாததால், பக்கத்தில் இருக்கிற ஆள் 'ஓரம்' என்று குரல் கொடுக்க வேண்டும். அவன் திரும்பாமலே 'பாத்தாச்சு' என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் வருகிறவரை சொல்லிக்கொண்டே இருப்பார்கள், அல்லது ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். பட்டை வந்த பிறகு அந்தக் குரல்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கால் தானாக நிற்கும்போது தொண்டையை எதற்கு வீணாக்க வேண்டும்?

பட்டை செய்கிற கம்பெனியிலிருந்து மாதம் ஒருமுறை பரிசோதிக்க ஷ்யாம் வருவான். கண்ணாடி போட்ட, மரியாதையான பையன். அந்த மாதம் அவன் வந்தபோது தமயந்தி அவனை கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தாள்.

"ஷ்யாம், பட்டை காலை நிறுத்துது, சரி. பயத்தை என்ன பண்ணுது?"

அவன் டீயை ஊதினான். அந்தக் கேள்வி எப்போதாவது வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஆரம்பத்துல பயத்தை ஒண்ணும் பண்ணல மேடம். ஆனா பயந்தா உடம்பு விறைக்கும். விறைச்சா முதுகுல நாம குடுக்கிற துடிப்பு காலுக்குச் சரியா போய்ச் சேராது. சோதனை பண்றப்ப சில பேருக்கு கால் நிக்கல. அதனால பயம் கிளம்பும்போதே அதை அமுக்குற மாதிரி மாத்தினோம். பயமில்லாததால ஆளுங்க வேலையும் வேகமா நடந்துச்சு. உங்க கம்பெனிக்கு அதுதான் ரொம்பப் புடிச்சுது."

"கழட்டின பிறகு?"

"அமுக்குறது நின்னுடும்."

"பயம் திரும்பி வருமா?"

"வரணும்."

"வருமான்னு கேட்டேன்."

ஷ்யாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "மாவுக்கட்டு போட்ட காலை ரெண்டு மாசம் கழிச்சு அவுத்தா சூம்பிப் போயிருக்கும் பார்த்திருக்கீங்களா? மூளையும் அப்படித்தான். தன் வேலையை வேற ஒருத்தன் பார்க்கிறான்னு தெரிஞ்சா அந்த இடத்தைக் காலி பண்ணிடும். மறுபடி பழகலாம். பழகாமலும் போகலாம். கட்டிக் கழட்டின ஆளுங்களை யாரும் போய்ப் பார்க்கல மேடம். ஒப்பந்தத்துல அது இல்ல."

"உங்க ஆஃபீஸ்ல ஒருத்தருக்குமா தோணல?"

"ஒரு பொண்ணு கேட்டா. இப்ப அவ வேற எங்கயோ வேலை பார்க்கிறா."

தமயந்தி தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஷ்யாம் அதைக் கவனித்தான்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க ஒரு நாளைக்கு ரெண்டு மூணு மணி நேரம்தானே கட்டுறீங்க. இவங்க விடிஞ்சா அடைஞ்சா கட்டுறாங்க."

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. போன வாரம் பால்கனிக் கம்பியிலிருந்து பறந்த துண்டை எட்டிப் பிடித்தபோது, பாதி உடம்பை வெளியே விட்டிருக்கிறாள் என்று அம்மா போட்ட கூச்சல் அப்போது நினைவுக்கு வரவில்லை. அம்மா எதற்குத்தான் கூச்சல் போடவில்லை?

திட்ட மேலாளர் சிவப்பிரகாசத்தின் அறையில் ஏசி உண்டு. அவரிடம் போய் நின்று, கட்டட வேலை முடிவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்றாள். வேலை முடிந்தால் பட்டையெல்லாம் அடுத்த ஊருக்குப் போய்விடும். இந்த ஆட்கள் வந்தவாசிக்கும் செஞ்சிக்கும் திரும்பிப் போய்ச் சின்னச் சின்ன வீடுகளில் வேலை பார்ப்பார்கள். அங்கே பட்டையும் இல்லை, வலையும் இல்லை. மூன்று மாதம் தரை வேலை கொடுத்து, டாக்டரை வைத்துப் பார்த்து, பயம் திரும்பியவர்களை மட்டும் அனுப்பலாம் என்றாள்.

சிவப்பிரகாசம் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் அவளுக்குக் கோபப்படுவதாவது சுலபமாக இருந்திருக்கும்.

"யாராவது விழுந்தாங்களா?"

"ரெண்டு பேர் சார்."

"நம்ம இடத்துல?"

"இல்ல சார்."

"அப்புறம் என்னம்மா?" அவர் சுவரில் மாட்டியிருந்த விருதுக் கேடயத்தைக் காட்டினார். "தொழிலாளிகளோட உயர பயத்தைப் போக்கினதுக்காகக் குடுத்தது இது. இப்ப அதே ஆளுங்களுக்குப் பயத்தைத் திருப்பிக் குடுக்கணும், மூணு மாசம் சம்பளம் போடுங்கன்னு நான் எந்த மொழில எழுதுவேன்? நம்ம பட்டைல கோளாறுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நீ நல்லா வேலை பார்த்திருக்கே. இதைக் கெடுத்துக்காதே."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. அந்தப் பலகையும் அப்படித்தான். இந்த மாதிரி உண்மைகளோடு சண்டை போட முடியாது என்று அவளுக்கு அங்கேதான் புரிந்தது.

கடைசி நாளில் எல்லாருக்கும் லட்டும் ஒரு துண்டும் கொடுத்தார்கள். பட்டைகளைத் திருப்பி வாங்கிப் பெட்டியில் அடுக்கி முடித்ததும், தமயந்தி யாரையும் கேட்காமல் கலவை மேடையின்மேல் ஏறி நின்றாள். ஆண்கள் லட்டைத் தின்றபடி அண்ணாந்து பார்த்தார்கள். அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். இந்தப் பட்டை உங்கள் பயத்தை எடுத்துவிட்டது. ஓரம் எது என்று உங்கள் உடம்புக்குத் தெரியாது. கொஞ்ச நாளைக்கு உயரத்துக்கு ஏறாதீர்கள், தரை வேலை பாருங்கள். துரைக்கண்ணு எப்படிப் போனான் என்று நினைத்துப் பாருங்கள்.

மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். கோதண்டன்தான் அவர்களுக்காகப் பேசினான்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. எங்கப்பாவும் கொத்தனாருதான். சாரத்துல ஏறிட்டு வந்த அன்னைக்கு அவருக்குத் தூக்கத்துல கால் உதறும். எங்கம்மா அழுத்திப் புடிச்சினு உக்காந்திருக்கும். அத அமுத்தறதுக்குத்தான் குடிச்சாரு, குடிச்சே போனாரு. எனக்கு அந்த உதறல் இல்ல. மூணு வருசமா நிம்மதியா தூங்கறேன். நீங்க இதப் போயி நோவுன்றீங்களே."

அவன் சொன்னதும் உண்மைதான். அவர்களை எச்சரிக்கத்தான் அவள் மேடை ஏறினாள். ஆனால் எச்சரிக்கை போய் ஒட்டிக்கொள்ள உள்ளே கொஞ்சமாவது பயம் இருக்க வேண்டும். அந்த இடத்தைத்தான் தன் கையாலேயே, தினமும் காலையில் விரலால் அழுத்திப் பார்த்து, அவள் துடைத்து எடுத்திருந்தாள். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள்.

கூட்டத்தில் சிரிக்காதவர்கள் சித்தாள் பெண்கள் மட்டும்தான். பட்டைக்குத் தகுதியில்லை என்று கம்பெனி ஒதுக்கி வைத்ததால் அவர்களுடைய பயம் அவர்களிடமே இருந்தது. கஞ்சத்தனம் செய்த ஒரே நன்மை அது.

"ஓரம் சொல்லுங்க அம்சா," என்றாள் தமயந்தி. "எங்க போனாலும் அவர்கூடவே போங்க. சொல்லிக்கிட்டே இருங்க."

"சொல்றேன் மேடம். வேற வழி?"

தமயந்தி அந்தக் கம்பெனியில் தொடரவில்லை. அவளாக விலகினாளா, அவர்களாக விலக்கினார்களா என்பது அவ்வளவு தெளிவில்லை. அதற்குப் பிறகு சேதிகள் வர ஆரம்பித்தன. செஞ்சியில் ஒருவர், தண்ணீர்த் தொட்டி மேலிருந்து. போளூரில் ஒருவர், கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் செல்போன் பேசிக்கொண்டே நடந்து. எல்லாம் வேறு வேறு ஊர், வேறு வேறு காவல் நிலையம், எங்கேயும் குடிபோதை என்றே முடிந்தது. சிறுசேரிப் பக்கம் ஒருநாள் பஸ்ஸில் போகும்போது அந்தப் பலகையைப் பார்த்தாள். இப்போது அதற்கு விளக்கு போட்டிருந்தார்கள்.

அவளால் எல்லாரையும் காப்பாற்ற முடியாது. ஒருவனையாவது கீழே இறக்கிவிடுவது என்று கோதண்டனைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்த ஒருவரிடம் கெஞ்சி, தாம்பரத்தில் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை ஏற்பாடு செய்தாள். வருடம் முழுக்கத் தரையிலேயே உட்கார்ந்து செய்யலாம். போனில் சொன்னால் கோதண்டன் சிரித்தே மழுப்புவான் என்பதால் நேரில் பேச வந்தவாசிக்கே புறப்பட்டாள்.

ஊருக்கு வெளியே புதிதாகப் பிரித்த மனைகளில் ஒரு மாடி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மொட்டை மாடிக்குத் தளம் போட்டாகிவிட்டது, கைப்பிடிச் சுவர் இன்னும் வைக்கவில்லை. மாடிப்படி வந்து முடிகிற சின்ன அறையின் வெளிச்சுவரைக் கோதண்டன் பூசிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஐந்தாறு அடியில் தளம் முடிந்துவிடுகிறது. கீழே ஜல்லிக் குவியலும் செங்கல் அடுக்கும். அம்சவல்லி கலவைச் சட்டியோடு அவனுக்கும் ஓரத்துக்கும் நடுவில் நின்றிருந்தாள். அவள் இளைத்திருந்தாள். கண் மட்டும் அவனைவிட்டு நகரவில்லை.

"வாங்க மேடம்," என்றாள், அவனைப் பார்த்தபடியே. "அந்தாண்ட செவுத்து ஓரமா நில்லுங்க."

கோதண்டன் கரணையால் கலவையை வீசி அப்பினான், கட்டையால் தேய்த்தான், ஒரு அடி பின்னால் வந்தான்.

"ஓரம்," என்றாள் அம்சவல்லி.

"பாத்தாச்சு." நின்றான். தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்தான். மறுபடி முன்னால் போனான்.

"உங்களுக்கு இன்னும் தெரியலையா அண்ணே?" என்றாள் தமயந்தி.

"தெரியல மேடம்." இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "கூடப் பொறந்த மாதிரி இருந்த துரைக்கண்ணு போனான், செஞ்சிக்காரரு போனாரு. யோசிச்சிப் பாத்தா புத்திக்குப் புரியுது. ஒடம்புக்குத்தான் புரியல. எட்டிப் பாத்தா கீழ இருக்கற எடம் பக்கத்துல இருக்கற எடம் மாதிரியே தெரியுது. அவ சொன்னா நிப்பேன். அவ்ளோதான் என் வைத்தியம்."

"நாள் முழுக்க சொல்றேன் மேடம்," என்றாள் அம்சவல்லி. "தூக்கத்துலகூட சொல்றேனாம். புள்ள சொல்லுது."

தமயந்தி டைல்ஸ் வேலையைப் பற்றிச் சொன்னாள். கோதண்டன் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான். பூச்சுக்காரனுக்கு டைல்ஸ் வேலை ஒரு படி இறக்கம்தான். அவன் முகத்தில் அந்தச் சங்கடம் வந்து போனது. பிறகு அம்சவல்லியைப் பார்த்தான். அவளுடைய கழுத்து எலும்பைப் பார்த்தான்.

"வரேன் மேடம்," என்றான். "இவ தொண்டைக்காவது லீவு கெடைக்கட்டும்."

அம்சவல்லி சட்டியைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தமயந்திக்கு மார்பு லேசானது. இவ்வளவு மாதங்களில் முதல் தடவையாக ஒரு காரியம் கைகூடியிருக்கிறது.

"இப்பவே இறங்கிடுங்களேன் அண்ணே."

"பாதிச் செவுர வுட்டுட்டு எறங்கக் கூடாது மேடம். காஞ்சி போனா நாளைக்கு ஒட்டுப் போடற எடத்துல கோடு வுழும். சாவற வரைக்கும் அந்தக் கோடு என் பேரச் சொல்லும். இன்னும் ஒரு மொழம் தான். முடிச்சிட்டு வந்துடறேன்."

எல்லாக் கொத்தனாரும் இப்படித்தான் சொல்வார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தமயந்தி மாடிப்படி அறையின் வாசலருகே வந்து நின்று காத்திருந்தாள். அப்போது கீழேயிருந்து வேறொரு பெண் தலையில் கலவைச் சட்டியோடு படியேறி வந்தாள். வாசல் குறுகல். தமயந்தி அவளுக்கு வழிவிட ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். சட்டி சாய்ந்து சேலையில் படும் போலிருந்தது, இன்னொரு அடி நகர்ந்தாள்.

"மேடம், ஓரம்."

தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன?"

அம்சவல்லியின் முகம் வெளுத்திருந்தது. "ஓரம் மேடம். ஓரம்."

யாரைச் சொல்கிறாள் என்று தமயந்திக்கு விளங்கவில்லை. கோதண்டன் சுவரோடு ஒட்டி நின்று கடைசி முழத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே? அவனைப் பார்க்க வசதியாகக் கொஞ்சம் ஒதுங்கினாள். 'பாத்தாச்சு' என்று அவள் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் என்பது வழக்கம். அம்சவல்லி ஓடி வந்தாள். தமயந்தியின் கையை இரண்டு கையாலும் பற்றி முழு பலத்தோடு உள்ளே இழுத்தாள். இருவரும் தளத்தின் மீது விழுந்தார்கள். தமயந்தியின் ஒரு செருப்பு கழன்று வெளியே போயிற்று. அது ஜல்லியில் விழுந்த சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில் கோதண்டன் சுவரை முடித்திருந்தான். நல்ல பூச்சு. கட்டையைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, மட்டம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கப் பின்னால் நகர்ந்தான். ஒரு அடி. இன்னொரு அடி. குரல் வரவில்லை. குரல் வராததால் இடமிருக்கிறது என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

அவன் கத்தவில்லை. கத்துவதற்குப் பயம் வேண்டும். சிமெண்ட் மூட்டை விழுந்த சத்தம் மட்டும் வந்தது.

அம்சவல்லி தமயந்தியின் கையை விட்டுவிட்டு எழுந்தாள். எட்டிப் பார்க்கவில்லை. நேராகப் படிக்கு ஓடினாள். சட்டி கொண்டுவந்த பெண் அலறிக்கொண்டு பின்னால் போனாள். படிகளில் அவர்களுடைய கால் சத்தம் இறங்கி இறங்கித் தேய்ந்தது.

தமயந்தி மெதுவாக எழுந்து ஓரத்துக்கு நடந்தாள். தன்னைக் காப்பாற்றுவதற்காக அந்த ஒரு குரல் அவனைவிட்டுத் திரும்பியது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளை வேறு யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அவன் இப்போது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியிருப்பான். துக்கம் வந்தது. வெட்கம் வந்தது. நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. கீழே ஜல்லிக் குவியலில் கோதண்டன் மல்லாந்து கிடந்தான். கழுத்து இருந்த விதத்தைப் பார்த்தால் ஆம்புலன்ஸுக்கு வேலை இல்லை.

அவள் குனிந்து பார்த்தாள். இத்தனை உயரத்திலிருந்து எட்டிப் பார்க்கும்போது வயிற்றுக்குள் ஒன்று புரண்டு ஆளைப் பின்னால் தள்ள வேண்டும். சின்ன வயதில் பள்ளிக்கூட மாடியில் அப்படித்தான் தள்ளியது. அது வரட்டும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கீழே இருந்த இடம் பக்கத்தில் இருக்கிற இடம் மாதிரியே தெரிந்தது.

கீழே போய்ச் சேர்ந்த அம்சவல்லி அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முகத்தில் ஒட்டியிருந்த கலவையைத் தலைப்பால் துடைத்தாள். கண்ணை மூடிவிட்டாள். பிறகு, எதையோ மறந்துவிட்டவள் போல அண்ணாந்து மேலே பார்த்தாள்.

"மேடம், ஓரம்."

குரலில் கோபமில்லை. சாபமில்லை. நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய அதே குரல்தான்.

தமயந்தி அசையவில்லை.

"மேடம், ஓரம்," என்றாள் மறுபடியும். "ஓரம் மேடம்." பதில் வருகிறவரை அவள் நிறுத்த மாட்டாள். அவன் தலை மடியில் கிடக்கும்போதும் நிறுத்த மாட்டாள்.

தமயந்தி தன் காலைப் பார்த்தாள். செருப்பில்லாத காலின் பாதி, தளத்துக்கு வெளியே வெறும் காற்றில் நின்றிருந்தது.

"பாத்தாச்சு," என்றாள்.

சொல்லிவிட்டு, அடுத்த காலை எந்தப் பக்கம் எடுத்து வைக்க வேண்டும் என்று அவள் யோசிக்க வேண்டியிருந்தது.